புலிப்பாலும் கழுதை வயிறும்

என் அண்ணன் மகனுக்கு இரண்டு லட்சியங்கள். ஒன்று, மச்சு பிச்சுவைப் பார்ப்பது. இரண்டு, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து, நிச்சயமாகியிருக்கும் பெண்ணுக்கு அனுப்பி அசத்துவது. 'எந்திரன்' (2010) படத்தில் கிளிமஞ்சாரோ பாட்டு எடுத்தார்களே, அந்த இடம்தான். கிளிமஞ்சாரோ இருப்பது ஆப்பிரிக்காவில். பாட்டு எடுத்தது தென் அமெரிக்காவில், பெரு நாட்டில். தமிழ் சினிமாவுக்கு பூகோளம் எப்போதுமே ஆப்ஷனல் சப்ஜெக்ட்.

நான் அப்போது நியூஜெர்ஸியில் மகள் வீட்டில், பேத்திக்கு டயப்பர் மாற்றும் உத்தியோகத்தில் இருந்தேன். சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடையாது. இவன் பக்கத்து ஊரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காக குப்பை கொட்டிக்கொண்டிருந்தான்.

"சித்தப்பா, நாலு நாள். லிமா போறோம், அங்கேருந்து குஸ்கோ, அங்கேருந்து மச்சு பிச்சு. வரீங்களா?"

டயப்பரை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் பெருவுக்குத் தனி விசா கேட்பதில்லை. (நீங்கள் கிளம்புமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளவும். சட்டத்தை மாற்றிவிட்டால் என்னைத் திட்டக் கூடாது.)

பையன் விமானம் போட்டான், ஹோட்டல் போட்டான், குளிருக்கு ஸ்வெட்டர்கூட வாங்கினான். மச்சு பிச்சு நுழைவுச் சீட்டை மட்டும் போடவில்லை. அங்கே ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் மாதம் கூட்டம் நெரியும். திருப்பதி முந்நூறு ரூபாய் தரிசன டிக்கெட் மாதிரி, நம்மவன் கம்ப்யூட்டரைத் திறந்தபோது எல்லாம் போயே போச்சு. இத்தனைக்கும் அவன் வேலையே கம்ப்யூட்டரில்தான்.

ஹோட்டல் பணம் திரும்பி வராது. ஆகவே நாலு நாளும் லிமாவிலேயே. சென்னைக்கு வந்த வெளிநாட்டுக்காரன் தாஜ்மகாலுக்கு டிக்கெட் கிடைக்காமல் நாலு நாள் சைதாப்பேட்டையில் தங்கிய கதை. பையன் முகம் லிமா வானம் மாதிரி ஆகிவிட்டது.

அந்த வானத்தைப் பற்றிப் பிறகு. முதலில் விமான நிலையம்.

அதன் பெயர் ஹோர்ஹே சாவேஸ். யார் அந்த மகான் என்று விசாரித்தேன். 1910ல் ஆல்ப்ஸ் மலையை முதன்முதலாக விமானத்தில் தாண்டிய வீரர். பெற்றோர் பெரு நாட்டுக்காரர்கள். மலையை ஜம்மென்று தாண்டிவிட்டார். இறங்கும்போது விமானம் நொறுங்கி விழுந்து, நாலாவது நாள் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டார். வீரம் வீரம்தான், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனாலும் தரையிறங்கும்போது போய்ச் சேர்ந்தவர் பெயரை ஏர்போர்ட்டுக்கு வைக்கிற தைரியம் எல்லோருக்கும் வராது. நல்லவேளை, இந்த விவரம் எனக்கு இறங்கிய பிறகுதான் தெரிந்தது. 2025 ஜூனில் திறந்த புது டெர்மினல் பளபளவென்று இருக்கிறது.

*

இப்போது வானம். லிமா பசிபிக் கடலோரத்தில், செங்குத்தான பாறைகளின்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். ஒரு கோடிக்கு மேல் ஜனம். கடல் பக்கத்திலேயே இருக்கிறது. மழை மட்டும் பெய்வதில்லை. வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் இரண்டு சென்டிமீட்டர் தேறாது. சென்னைக்கு சுமார் நூற்று நாற்பது. காரணம், ஹம்போல்ட் நீரோட்டம் என்று தெற்கேயிருந்து வரும் குளிர்ந்த கடல் நீர். அது கரையோரக் காற்றைக் குளிரவைத்துவிடுவதால் மேகம் மேலே எழும்பாமல் தாழ்வாகப் படுத்துக்கொள்கிறது. மழையாகவும் மாறாது, கலைந்தும் போகாது. எங்கள் பழைய ஆபீஸ் ஹெட்கிளார்க் மாதிரி. வேலையும் செய்யமாட்டார், லீவும் போடமாட்டார்.

ஜூன் முதல் நவம்பர் வரை இதுதான் நிலைமை. அந்தச் சாம்பல் நிற வானத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கழுதை வயிறு'. அண்ணாந்து பார்த்தேன். சாட்சாத் கழுதை வயிறேதான். அதிலிருந்து காருவா என்று ஒரு தூறல். தூறல்கூட இல்லை, தும்மல். முகம் நனையும், தரை நனையாது. வெயில் வேண்டுமானால் டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் போகவேண்டும். நாங்கள் போனது ஆகஸ்ட்.

இன்னொரு சங்கடம், கடிகாரம். நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். சென்னையில் காலை பத்தரை அடித்தால் லிமாவில் நள்ளிரவு பன்னிரண்டு. பையனுடைய மேனேஜர் சென்னையில் காபி குடித்துவிட்டு சீட்டில் உட்காரும் நேரம் அதுதான். தினமும் டாணென்று பன்னிரண்டு மணிக்கு போன்.

"லீவுலதான் இருக்கேன் சார்... இல்ல சார்... பார்க்கிறேன் சார்..."

பேய்கூட அமாவாசைக்கு ஒருமுறைதான் வரும்.

*

ஊர் சுற்ற பஸ் ஏறினோம். கோம்பி என்று குட்டி வேன்கள் உண்டு. கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு, போகும் ரோட்டின் பெயரைக் கத்திக்கொண்டே "சூபே, சூபே, சூபே!" என்கிறார். 'ஏறு ஏறு ஏறு' என்று அர்த்தம். இறங்க வேண்டுமென்றால் நாம் "பாஹா!" என்று கத்தவேண்டும். வண்டி முழுசாக நிற்காது. கண்டக்டர் "பியே தெரேச்சோ" என்கிறார். 'வலது காலை எடுத்து வை.' நான் மனமுருகிப் போனேன். நம்மூரில் புதுப் பெண்ணுக்குத்தான் அந்த மரியாதை. பிறகுதான் புரிந்தது, ஓடுகிற வண்டியிலிருந்து இடது காலை வைத்தால் நேரே ஆஸ்பத்திரி.

டாக்ஸிக்கு மீட்டர் வைக்கும் வழக்கமே கிடையாது. ஏறுமுன் பேரம். அவர் ஸ்பானிஷில் ஒன்று சொல்ல, நான் தமிழில் "அநியாயமா இருக்கே" என்று சொல்லிவிட்டு நாலடி நடக்க, அவர் கூப்பிட, திரும்பிவர... சென்னையில் ஆட்டோ பிடித்தவனுக்கு உலகத்தில் எந்த பாஷையும் அந்நியமில்லை.

பிளாசா மயோர் என்ற மையச் சதுக்கத்துக்குப் போனோம். 1535ல் இந்த ஊரை நிறுவிய ஸ்பானியத் தளபதி ஃபிரான்ஸிஸ்கோ பிஸாரோவின் கல்லறை அங்கே பெரிய சர்ச்சுக்குள் இருக்கிறது. இன்கா சாம்ராஜ்யத்தைக் கவிழ்த்தவர். 1541ல் எதிர்க் கோஷ்டி அவரைக் குத்திக் கொன்றது. அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1891லிருந்து ஒரு பதப்படுத்திய உடலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து 'இவர்தான் பிஸாரோ' என்று காட்டிவந்தார்கள். ஜனங்களும் மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். 1977ல் சர்ச்சின் அடித்தளத்தில் ரிப்பேர் செய்தபோது ஓர் ஈயப் பெட்டி கிடைத்தது. உள்ளே மண்டையோடு, மேலே 'இது பிஸாரோவின் தலை' என்று எழுத்து. சோதித்தால் நிஜமாகவே அவர்தான். அப்படியானால் எண்பத்தாறு வருஷமாகக் கண்ணாடிப் பெட்டியில் மாலை மரியாதை வாங்கியவர்? யாரோ ஒரு பேர்வழி. செத்த பிறகும் ஆள்மாறாட்டம்!

சிலை அரசியலும் உண்டு. 1935ல் வைத்த பிஸாரோவின் குதிரைச் சிலையை, 'எங்களை அடிமைப்படுத்தியவனுக்கு நடு ஊரில் சிலையா?' என்று 2003ல் சதுக்கத்தின் ஓரத்திலிருந்து அகற்றி ஒரு பூங்காவுக்கு அனுப்பினார்கள். 2025 ஜனவரியில் திரும்பவும் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். குதிரைக்குத்தான் கால் வலித்திருக்கும்.

மாலையில் மிராஃப்ளோரஸ். நம்ம போட் கிளப், பெசன்ட் நகர் இரண்டையும் கலந்து கடலோரப் பாறைமேல் வைத்த மாதிரி பேட்டை. புல்வெளி, பூச்செடி, சைக்கிள் பாதை, தலைக்குமேல் பாராசூட்டில் மிதக்கும் மனிதர்கள். அங்கே காதல் பூங்கா என்று ஒன்று. 1993ல், காதலர் தினத்தன்று திறந்தார்கள். நடுவில் விக்டர் டெல்ஃபின் என்ற சிற்பி செய்த பிரம்மாண்டமான சிலை, ஒரு ஜோடி உலகத்தை மறந்து முத்தமிட்டுக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் நிஜ ஜோடிகள் அதே பணியில். நடுவே நானும் அண்ணன் மகனும், ஆளுக்கொரு குரங்குக் குல்லாயோடு, 'ஙே' என்று.

"போட்டோ எடுக்கட்டுமாடா?"

"வேண்டாம் சித்தப்பா. மச்சு பிச்சுன்னு சொல்லிட்டு வந்து, உங்ககூட இங்க நின்னு அனுப்பினா கல்யாணமே நின்னுடும்."

*

சாப்பாடு. லிமாவின் பெருமை செவிச்சே. பச்சை மீனைத் துண்டு போட்டு, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்துத் தருகிறார்கள். அடுப்பே கிடையாது. எலுமிச்சைதான் மீனை 'வேக' வைக்கிறது. 2023ல் யுனெஸ்கோ இதைக் கலாசாரப் பொக்கிஷப் பட்டியலில் சேர்த்தது. மீன் தீர்ந்ததும் தட்டில் மிஞ்சும் புளிப்புச் சாறுக்குப் பெயர், லெச்சே தெ திக்ரே. அதாவது புலிப்பால்! ஐயப்ப சுவாமி தாயின் தலைவலிக்காகக் காட்டுக்குப் போய்க் கொண்டுவந்த வஸ்துவை, லிமாவில் ஒரு தம்ளரில் ஊற்றி மேஜைக்கே கொண்டுவந்து தருகிறார்கள். குடித்தேன். காதுவரை சுர்ரென்று ஏறியது. தலைவலி இருந்திருந்தால் போயிருக்கும்.

கூடவே இன்கா கோலா என்று மஞ்சளாக ஒரு பானம். லிமாவின் நானூறாவது பிறந்த நாளுக்காக 1935ல் ஆரம்பித்தது. பபிள்கம்மைக் கரைத்த வாசனை. நம்ம பொவன்டோவுக்கு மஞ்சள் பட்டுப்புடவை கட்டின மாதிரி.

பையன் சுத்த சைவம். "சின் கார்னே" என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். 'மாமிசம் இல்லாமல்' என்று அர்த்தம். சொன்னான். சர்வர் தலையாட்டினார். சூப் வந்தது. உள்ளே கோழிக்கால் நீந்திக்கொண்டிருந்தது. அவர்கள் பாஷையில் 'கார்னே' என்றால் மாடு மாதிரி பெரிய சங்கதிகள். கோழி அந்தக் கணக்கிலேயே சேராது. கடைசியில் அவனைக் காப்பாற்றியது சீன ஓட்டல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூலி வேலைக்கு வந்த சீனர்களின் வம்சம் நடத்தும் 'சிஃபா' கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அதில் முட்டை போடாத ஃபிரைடு ரைஸ் வாங்கி, மூன்று வேளையும் அதையே சாப்பிட்டான். தினமும் ஒரு பெருமூச்சு, ஒரு ஃபிரைடு ரைஸ்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் செல்போனைக் கையில் ஏந்தி நடக்காதீர்கள். 2025ல் குற்றங்கள் பெருகிப்போய் லிமாவில் நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். ராத்திரியில் தெரிந்தவர்கள் ஏற்பாடு செய்த வண்டியில்தான் போகவேண்டும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

தண்ணீர் என்றதும் நான் சொல்ல வந்த விஷயம் ஞாபகம் வருகிறது.

*

மூன்றாவது நாள். ஹோட்டலில் ஏற்பாடு செய்த டாக்ஸி. டிரைவருக்கு நாற்பது வயசிருக்கும், கொஞ்சம் இங்கிலீஷ் வரும். நடுவில் அவருக்கு ஒரு போன். பேசிவிட்டுத் திரும்பி, சங்கடமாகச் சொன்னார்: "சார், பத்து நிமிஷம் வீட்டுக்குப் போய்வரலாமா? தண்ணி லாரி வந்துடுச்சாம். அம்மா மட்டும் தனியா இருக்காங்க. விட்டா இன்னும் ரெண்டு நாள் ஆகும்."

எனக்குத் தயக்கம். எந்த ஊரோ, எந்தச் சந்தோ. அண்ணன் மகன் என்னைக் கேட்கவே இல்லை. "போங்க போங்க" என்றான்.

தெற்கே போகப் போகப் புல்வெளி மறைந்தது. மரம் மறைந்தது. வெறும் மண் குன்று. அதில் ஒட்டவைத்த மாதிரி பலகை வீடுகள், தகரக் கூரை, மேலே ஏறிக்கொண்டே போகும் படிகள். கழுதை வயிறு கைக்கெட்டும் உயரத்தில். குளிர் காலத்தில் மாசக்கணக்கில் துணி காயாது என்றார் டிரைவர். மழையே இல்லாத ஊரில், துணி காயாத வீடுகள்!

அந்த ஈரத்தையும் விட்டுவைப்பதில்லை. சில குன்றுகளில் வாலிபால் நெட் மாதிரி பெரிய வலைகளைக் கட்டிப் பனிமூட்டத்தையே பிடிக்கிறார்கள். வலையில் படியும் துளிகள் சொட்டிச் சொட்டிக் குழாய் வழியே தொட்டிக்கு வரும். நல்ல மூட்டமான நாளில் ஒரு வலைக்கு 200 லிட்டர்வரை தேறும். செடிக்கும் துணி துவைக்கவும் ஆகும். குடிப்பதற்கு லாரிதான். குழாய் வசதி உள்ள மிராஃப்ளோரஸ்காரர் கொடுப்பதைப்போல் பல மடங்கு விலை கொடுத்து, லாரித் தண்ணீரை வாங்குகிறார் குன்றில் இருக்கும் ஏழை. இந்த ஊரில் வசதியான பேட்டைகளுக்கும் இந்தக் குன்றுகளுக்கும் நடுவே சுமார் 10 கிலோமீட்டருக்கு முள்கம்பி வைத்த சுவரே எழுப்பியிருந்தார்கள். 'வெட்கச் சுவர்' என்று பெயர். நீதிமன்றம் சொல்லி 2023ல் இடிக்க ஆரம்பித்தார்கள். சுவரை இடித்துவிடலாம். குழாய் போடத்தான் நாளாகும் போலிருக்கிறது.

வாசலில் வரிசையாக டிரம்கள். லாரி மூன்று வீடு தள்ளி நின்றது. டிரைவரின் அம்மா, எழுபது வயசிருக்கும், இரட்டைப் பின்னல், டிரம்மைத் தனியாக உருட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் காரை நிறுத்துவதற்குள் நம்மவன் இறங்கி ஓடினான். டிரம்மை நிமிர்த்தி, மூடியைக் கழற்றி, லாரிக்காரரிடமிருந்து ஹோஸை வாங்கி, சிந்தாமல் உள்ளே விட்டு, மடக்கிப் பிடித்து, அடுத்த டிரம்முக்குத் தாவி... பக்கத்து வீட்டு டிரம், அதற்குப் பக்கத்து வீட்டு டிரம். லாரிக்காரர் அசந்துபோய் நின்றார்.

"எங்கடா கத்துக்கிட்டே?"

"2019 மறந்துடுச்சா சித்தப்பா? ஆபீஸ்லயே தண்ணி இல்ல, வீட்லேருந்து வேலை பாருங்கன்னாங்க. வீட்லயும் தண்ணி இல்ல. ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல வந்துச்சே. அம்மாவும் நானும் ராத்திரி ரெண்டு மணிக்குக் குடத்தோட நிப்போம்."

எனக்கு மறந்துதான் போயிருந்தது. அன்று காலை ஹோட்டலில் வெந்நீர் வரட்டும் என்று ஷவரைத் திறந்துவிட்டு, ஐந்து நிமிஷம் நின்று பல் தேய்த்தவன் நான். சொல்லவில்லை.

அந்த அம்மாள் எங்களை விடவில்லை. உள்ளே உட்காரவைத்தார். ஆயகூச்சோ என்ற மலை ஊர்க்காரர். 1980களில் கைக்குழந்தையோடு ஓடி வந்தவராம். 1980 முதல் 2000 வரை தீவிரவாதிகளுக்கும் ராணுவத்துக்கும் நடுவில் சிக்கிச் செத்தவர்கள் சுமார் 69,000 பேர் என்று 2003ல் உண்மை அறியும் கமிஷன் கணக்குச் சொன்னது. பெரும்பாலும் மலைக் கிராமத்து ஏழைகள். அந்தக் கைக்குழந்தைதான் எங்கள் டிரைவர்.

ஒரு தட்டு வந்தது. ஆவி பறக்க வேகவைத்த உருளைக்கிழங்கு. மஞ்சள், ஊதா, கறுப்பு என்று கலர் கலராக. ஓரத்தில் அரைத்த மிளகாய். உருளைக்கிழங்குக்குத் தாய்வீடே இந்த ஆண்டீஸ் மலைதான். ஆயிரக்கணக்கான ரகங்கள் உண்டு. 1971லிருந்து உலக உருளைக்கிழங்கு ஆராய்ச்சி மையம் இருப்பதும் லிமாவில்தான். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுகீசியர் கொண்டுவரும்வரை நமக்கு மிளகு மட்டும்தான். நம்ம மசால் தோசையின் உள்ளே இருப்பதில் பாதி, இந்த அம்மாள் வீட்டுச் சீதனம்.

மூன்று நாள் ஃபிரைடு ரைஸ் தின்று நொந்தவன், ஒரு வார்த்தை பேசாமல் நாலு கிழங்கு உள்ளே தள்ளினான். கண்ணில் தண்ணீர். மிளகாயா, வேறென்னவா, நான் கேட்கவில்லை.

என் செல்போனில் பேத்தி படம். அம்மாள் கையால் சுட்டிக் கேட்டார். "பாப்பா" என்றேன்.

அம்மாள் முதலில் திகைத்தார். பிறகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். டிரைவர் விளக்கினார்: அவர்கள் பாஷையில் 'பாப்பா' என்றால் உருளைக்கிழங்கு! அம்மாள் போனை வாங்கி இன்னொரு தரம் பார்த்து ஏதோ சொன்னார்.

"ஆமா, உருண்டையாத்தான் இருக்குன்றாங்க" என்றார் டிரைவர்.

கிளம்பும்போது வழக்கமான காசைவிடக் கூடுதலாக நீட்டினேன். டிரைவர் பேசிய தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். "உங்க தம்பி ஆறு டிரம் ரொப்பினார்" என்றார். அந்தக் கணக்கில் நான்தான் அவருக்குக் கடன்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தில் அது நேர்மாறாக எழுதியிருந்தது.

அன்றிரவு பையன் நெடுநேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னடா, மேனேஜரா?"

"இல்ல சித்தப்பா. டிரைவர் ஒரு போட்டோ எடுத்திருந்தார். அதை அவளுக்கு அனுப்பிட்டேன்."

பார்த்தேன். குரங்குக் குல்லாய், முழங்கால்வரை சுருட்டிய பேன்ட், கையில் ஹோஸ், பக்கத்தில் இரட்டைப் பின்னல் பாட்டி. பின்னால் மச்சு பிச்சுவும் இல்லை, ஒரு பிச்சுவும் இல்லை. வெறும் கழுதை வயிறு.

பதில் வரப் பத்து நிமிஷம் ஆனது. பையன் படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினான்.

'மச்சு பிச்சு எங்கே?' என்று முதல் வரி.

அடுத்த வரி: 'பரவாயில்ல. எங்க வீட்டுக்கு புதன்கிழமையும் சனிக்கிழமையும் மெட்ரோ லாரி வரும். எங்கப்பாவுக்கு முதுகு வலி.'